நான் மாற்றி வாசித்த பக்கம்

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் கோட்டையில் வேட்டை கிடையாது, இறைச்சி கிடையாது, அதனால் ஆண்களுக்குப் பொழுதும் போகாது. இரண்டாவது வாரத்தில் ஒரு மதியம், பெண்கள் அறையில் நான் கதை வாசித்துக்கொண்டிருந்தபோது, பிரபு திபோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அந்த அறையில் வாசிக்கத் தொடங்கிய நான்கு வருடங்களில் அவர் கதை கேட்க வந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன் நிறுத்திட்ட எர்மின்? மழை, மீனு, ஜெபம், திரும்பவும் மீனு. மனுசனுக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு. வாசி, நானும் கேக்குறேன்."

கன்னிமடத்தில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு எழுத்துத் தெரியும். என்னையும் பாதிரியார் அன்செல்மையும் விட்டால் கோட்டையில் வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அன்று மடியில் இருந்தது, பிரபுவின் மனைவி சீமாட்டி யோலாந்த் குளிர்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்ட கதை. வயதான ஓர் அரசன், அவனுடைய இளம் மனைவி, அரசனின் அக்கா மகன். அவர்கள் இருவரும் வல்லூறுகளைக் கட்டிவைக்கும் கொட்டகையில் ரகசியமாகச் சந்திக்கிற பக்கம் திறந்திருந்தது. சீமாட்டிக்கு அந்தப் பக்கம் ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வல்லூறுக் கொட்டகையின் படியில் யாரும் வராமல் காவல் நின்றவளே நான்தான். உள்ளே அவளோடு இருந்தவன் ஜொஃப்ரே. பிரபுவின் சொந்த அக்கா மகன், ஏழு வயதிலிருந்து இந்த வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன், பிரபு தன் கையாலேயே இடுப்பில் வாள் கட்டி வீரனாக்கியவன். ஆட்கள் முன்னால் அவளை 'அத்தை' என்று கூப்பிடுவான். தெரியவந்தால் அவனுக்கு வாள், அவளுக்கு நெருப்பு. எங்கள் நாட்டில் இதற்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

சீமாட்டி தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததை வாசித்தேன். அக்கா மகனை வெளியூர்ப் பாடகனாக்கினேன். கொட்டகையைத் தேவாலயமாக்கினேன். அரசி அவனைத் திட்டி அனுப்பிவிட்டு, கணவன் நோயில் விழுந்ததும் இரவும் பகலும் பணிவிடை செய்து, அவனுக்கு முன்பாகவே செத்துப்போனாள். அத்தனையும் செய்யுளில். எதுகை ஓர் இடத்தில்கூட இடறவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிரபு அழுதார். சிலுவைப் போருக்குப் போய் ஒரு காதை அங்கேயே விட்டுவிட்டு வந்த மனிதர், முன்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பாவம் அந்த மகராசி. ஒரு கெழவனுக்காக உசுர விட்டுட்டா பாரு," என்று சொல்லி மனைவியின் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் என் பாவம் இன்னும் கூடும்.

அவர் போனதும் சீமாட்டி என் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். "கெட்டிக்காரிடி நீ. எனக்குப் பாதி உசுரு போயிருச்சு." இருபத்திமூன்று வயது. அந்த வயதில் தப்பித்ததெல்லாம் கடைசிவரை தப்பித்ததுபோலத்தான் இருக்கும்.

மறுநாள் எனக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியது. மூன்று நாள் பேச்சே வரவில்லை. நான்காம் நாள் பாதிரியார் அன்செல்ம் கிண்ணத்தில் சூடான திராட்சை ரசம் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கள்ளம் கபடமில்லாத கிழவர்.

"ஏம்மா, அன்னிக்கு நீ எந்தப் பக்கத்தம்மா வாசிச்ச? பிரபு நேத்து என்னக் கூப்புட்டு, அரசி சாகுற பக்கத்தத் திரும்ப வாசிங்க சாமின்னு கேட்டாரு. ஆசையாத்தான் கேட்டாரு. பொஸ்தகம் பூரா தேடிட்டேன், அப்படி ஒரு பக்கமே இல்ல. நீ துணி அடையாளம் வச்சிருந்த எடத்த வாசிச்சேன். அக்கா மகன், கொட்டகைன்னு என்னென்னமோ வருது."

"அவர் என்ன சொன்னாரு, சாமி?"

"இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாரு. அப்புறம் ரொம்ப நேரம் ஜன்னலயே பாத்துக்கிட்டு இருந்தாரு."

எழுதியிருந்ததை அப்படியே வாசித்திருந்தால் அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டிருப்பார். கிழட்டுக் கணவனும் இளம் மனைவியும் வராத கதை எங்கள் ஊரில் எது? கதை அவருக்கு எதையும் சொல்லியிருக்காது. நான் மறைத்ததுதான் சொல்லிவிட்டது. போர்வையை உதறிவிட்டு ஓடினேன். சீமாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஜொஃப்ரே குதிரை ஏறிவிடுவான் என்று நினைத்தேன். பெண்கள் அறைக் கதவைத் திறந்தபோது பிரபு ஏற்கெனவே கணப்புக்குப் பக்கத்தில் இருந்தார். சீமாட்டி எதிரே தைத்துக்கொண்டிருந்தாள். ஜொஃப்ரே ஜன்னல் திட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"வா எர்மின். தொண்ட சரியாயிருச்சா? ஒனக்குத்தான் ஆள் அனுப்பலாம்னு இருந்தேன்," என்றார் பிரபு. எனக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்து சேர்ந்த பாதிரியாரைப் பார்த்தார். "சாமி, நீங்க அவ பக்கத்துல நில்லுங்க. எழுதியிருக்கிறதத்தான் வாசிக்கணும். ஒரு வார்த்த மாறக் கூடாது."

"எங்கேருந்து, பிரபு?" என்றேன்.

"புருசனுக்குத் தெரியவர்ற எடத்துலேருந்து."

ஜொஃப்ரே சிரித்தான். "மாமா, இது அழுகாச்சிக் கதைன்னு அத்தை சொன்னாங்களே. முடிவாவது நல்லா இருக்குமா?"

"தெரியலடா. அதக் கேக்கத்தான் நானும் உக்காந்திருக்கேன்."

கதவுக்கு வெளியே ஆயுதத்தோடு இரண்டு பேர் நின்றார்கள். நான் புத்தகத்தைத் திறந்தேன். அரசன் விடியலில் எழுகிறான், பக்கத்தில் படுக்கை வெறுமையாக இருக்கிறது, கொட்டகையின் கதவு ஒருக்களித்திருக்கிறது. நான் வாசிக்க வாசிக்கச் சீமாட்டியின் ஊசி துணியிலேயே நின்றுவிட்டது. அவள் தலையைத் தூக்கவில்லை, அந்த அளவுக்குத் தைரியசாலி. ஜொஃப்ரேதான் தாங்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது, சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது, பிறகு அவளைப் பார்த்தான். மாமனை அல்ல, என்னை அல்ல, அவளைத்தான். பிரபு கதையைக் கேட்கவே இல்லை. அவன் எங்கே பார்க்கிறான் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் குரல் நின்றுவிட்டது. எனக்கு மறுபடியும் தொண்டை கட்டிக்கொண்டது, கண்ணும் மங்குகிறது என்று நினைத்த அந்த நல்ல பாதிரியார், என் பக்கம் குனிந்து, விரலை அடுத்த வரியின் கீழே வைத்து, நான் அதைப் பார்க்கும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்.