இடிந்த சுவருக்குக் கீழே

சலவைக்கடைக்காரிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கடற்கரைதான். வாரம் முழுக்க அடுத்தவர் சட்டைப் பைகளைத் துழாவும் கை, அன்று மணலைத் துழாவும். கையில் உலோகம் தேடும் டிடெக்டர், பின்னாலேயே சல்லடையோடு நாத்தனார். பித்தளைப் பொத்தானோ தேய்ந்த காசோ கிடைத்துவிட்டால் போதும், புதையலே அகப்பட்ட மாதிரி இருவரும் குதிப்பார்கள்.

சலவைக்கடைக்காரியின் புருஷனைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்பு, அடைமழையில், சண்டை முற்றிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவன் திரும்பவேயில்லை. எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் வாய் மென்றது. அவளும் நம்பினாள். மகளையும் நம்பவைத்தாள்.

அந்த வாரம் கடல் கொந்தளித்து, பழைய தடுப்புச் சுவர் எப்போதோ இடிந்து விழுந்திருந்த இடத்தில் கற்களைப் புரட்டிப் போட்டிருந்தது. அங்கே டிடெக்டர் விடாமல் கத்தியது.

"என்ன அண்ணி, மறுபடியும் சோடா மூடியா?"

"மூடிக்கு இப்படிக் கத்தாதுடி."

முழங்கை ஆழம் தோண்டியதும் ஒரு தகடு வந்தது. லேசாக வளைந்து, வரிசையாக ஓட்டைகளும் திருகுகளுமாக இருந்தது. துளி துரு இல்லை. அடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"கதவுக் கீல்" என்றாள் நாத்தனார்.

சலவைக்கடைக்காரி கட்டைவிரலால் அதைத் தடவினாள். கடைசித் திருகு சாய்ந்து நின்றது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

பைக்கிலிருந்து விழுந்து அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தபோது வைத்த தகடு. 'ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு, பரவாயில்ல' என்றிருந்தார் டாக்டர். மாதக்கணக்கில் அந்தத் தோளுக்கு மருந்து தேய்த்தவள் அவள். தோலுக்கடியில் இந்தத் திருகின் தலை தட்டுப்படும்போதெல்லாம் அவன் "ஐயோ, மெதுவா" என்பான்.

"இது கீல் இல்லடி."

"பின்ன?"

"உங்க அண்ணன்."

நாத்தனார் சிரித்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. ஈர மணலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். டிடெக்டர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் கை வரவில்லை.

போலீஸ் வந்து தோண்டியது. கற்களுக்கடியில் இன்னும் எலும்புகள், அப்புறம் பை. பைக்குள் பிளாஸ்டிக் உறையில் அவனுடைய ஷேவிங் செட் புதுசு மாதிரி இருந்தது.

"அந்த மழையிலதாம்மா இந்தச் சுவரும் சரிஞ்சது" என்றார் இன்ஸ்பெக்டர். "அடியில ஆள் இருக்கும்னு யாரும் நினைக்கல."

"போறப்ப விழுந்துதா சார், இல்ல திரும்பி வர்றப்பவா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "அதைச் சொல்ல முடியாதும்மா."

அவளுக்கு அழுகை வரவில்லை. இந்தச் சுவரோரமாக எத்தனை ஞாயிறு நடந்திருப்பாள்! நடந்துகொண்டே எத்தனை தடவை அவனை மனதாரச் சபித்திருப்பாள்! மகளுக்குப் போன் போட்டாள்.

"அப்பா ஓடிப்போகலடி."

மகள் உடனே கேட்டாள்: "அப்போ இத்தனை வருஷமா எங்கேம்மா இருந்தாரு?"

"இங்கதான்டி" என்றாள். நாத்தனார் போனை வாங்கிக்கொண்டாள்.