என் மாதிரி வகுப்பின் ஒரே மாணவி

நான் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகக் கிளையை மூடியபோது எனக்கு மிச்சமானவை நாற்காலியில் போட்டிருந்த மெத்தையும் என் ஆங்கிலமும்தான். மெத்தை நைந்துபோயிருந்தது. ஆங்கிலமும் அப்படித்தான் என்பாள் என் மகள். காலமெல்லாம் 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்றே எழுதிப் பழகிய ஆங்கிலம் அது. அதில் ஒருவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்க முடியாது. வேண்டுமானால் தண்ணீர் கோரி விண்ணப்பிக்கலாம்.

ஆனாலும் கடல் தாண்டி ஒரு பள்ளிக்கூடம் என்னைப் பரிசீலித்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தர வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. ஆன்லைனில் பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். பாக்கி ஒரே ஒரு சோதனை: மாதிரி வகுப்பு ஒன்றை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு மாணவர் வேண்டுமே. பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் மகளைக் கேட்டேன்.

"எனக்கு உன்னைவிட நல்லா வரும்ப்பா. அப்புறம் யாரு டீச்சர்னு அவங்களுக்குக் குழப்பமாயிடும்" என்றாள்.

ஆகவே மனைவி மாட்டினாள். பக்கத்துத் தெருவில் துணிகளை ஆல்டர் செய்யும் கடையில் வேலை செய்கிறாள் அவள். ஊரார் பேன்ட்டையெல்லாம் சரியான நீளத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் என் எதிரில் வந்து உட்காருவாள். மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து தைப்பதை எனக்காக நிறுத்திவைத்திருந்தாள்.

பயிற்சியில் எங்களுக்கு அடித்துச் சொன்ன விதி ஒன்று உண்டு. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. மாணவர் எவ்வளவு திணறினாலும் வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. சிரித்த முகமாகக் காத்திருக்க வேண்டும். பதில் எந்த லட்சணத்தில் வந்தாலும் முதலில் பாராட்டு, ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். எனக்கு இது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம். அடுத்தவர் வாயைத் திறந்தால் அவர் சொல்லவந்ததை நானே முடித்து, அதன் தலையில் ஒரு ஜோக்கையும் வைத்து அனுப்புகிற ஆள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நல்ல மவுசு. வீட்டில்தான் அவ்வளவாக இல்லை.

"வாட் டூ யூ லைக்?" என்றேன் முதல் நாள்.

யோசித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ரெய்ன்" என்றாள். இன்னும் காத்திருந்தேன். "ரெய்ன் கம், கஸ்டமர் நோ கம். ஐ ஸிட். வெரி நைஸ்."

மழைநாளில் ஆளில்லாத கடையில் சும்மா உட்கார்ந்திருப்பது இவளுக்குப் பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மழை பிடித்துக்கொண்டாலே 'ஐயோ, உன் கடை வியாபாரம் போச்சே' என்று அவளுக்கும் சேர்த்து நானல்லவா புலம்பிக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்த மாலைகளில், அவளுக்கு லிஃப்ட்டில் ஏறப் பயம் என்றும் நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை என்றும் உடைந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வகுப்பு பிரமாதமாகப் போகிறது, நான் பிறவி ஆசிரியன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடியோ எடுக்கும் நாள். மகள் போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். பாடம்: அடுத்த மாதம் உன் வீட்டில் என்ன நடக்கும்?

மனைவி மேஜையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நெக்ஸ்ட் மந்த் மை ஹஸ்பண்ட் கோ" என்றாள். காத்திருந்தேன். "ஐ ஸே ஓகே." மறுபடியும் காத்திருந்தேன். "நாட் ஓகே. ஐ டோன்ட் வான்ட். ஹவுஸ் எம்ப்டி."

ஒரே பதிலில் ஐந்து வாக்கியங்கள்! "வெரி குட்! எக்ஸலன்ட்!" என்று கைதட்டி, அவள் புறங்கையில் ஒன்றுக்கு இரண்டாக நட்சத்திரம் ஒட்டினேன்.

"அப்பா..." என்றாள் மகள்.

"ஷ்ஷ், ரெக்கார்டிங்!" என்றேன். அன்றைக்கே அனுப்பியும்விட்டோம்.

அந்த வாரமே பதில் வந்தது. வேலை எனக்குத்தான், அன்று மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். மனைவி என்னை முக்காலியில் ஏற்றி, புதுப் பேன்ட்டின் அடிமடிப்புக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். நான் பதிலைத் தமிழாக்கிக் கம்பீரமாக வாசித்தேன்: "உங்கள் மாணவி மனம் திறந்து பேசினார். ஒருவரை அப்படிப் பேசவைப்பது எளிதல்ல..."

அங்கே நின்றுவிட்டேன். மனம் திறந்து என்ன பேசினாள்?

"அதைத்தான்ப்பா அன்னிக்கே சொல்ல வந்தேன். நீதான் ஷ்ஷுன்னுட்ட" என்று மகள் வீடியோவை ஓடவிட்டாள். முக்காலியில் நின்றபடியே பார்த்தேன். ஒரு பெண் போகாதே என்கிறாள். எதிரில் ஒரு மடையன் கைதட்டுகிறான்.

"இன்னும் டிக்கெட்கூடப் போடலை. நீ சொல்லு, வரலைன்னு எழுதிடறேன்" என்றேன்.

அவள் வாயில் குண்டூசிகள் இருந்தன. "ம்" என்றாள். அந்த 'ம்'முக்கு அர்த்தம் சொல்ல என் வாய் துடித்தது. மூடிக்கொண்டேன். அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த ஊசிப் பஞ்சில் குத்தினாள்.

"நீங்க போய்த்தான் ஆகணும். இவ காலேஜ் சேரணும். நீங்களும் எவ்வளவு நாள்தான் வீட்ல படுத்துக்கிட்டு ஃபேனுக்கு ஜோக் சொல்லிட்டு இருப்பீங்க? எல்லாம் தெரியும். ஆனா போக வேணாம்னு ஒரு தடவையாவது சொல்லிடணும்னு இருந்துச்சு."

"தமிழ்ல சொல்லியிருக்கலாமேம்மா."

"எத்தனை தடவை ஆரம்பிச்சேன்! 'என்னங்க, நீங்க போயிட்டா'ன்னு வாயெடுத்தா, 'குறட்டை இல்லாம நிம்மதியா தூங்கலாம்'னு நீங்களே முடிச்சிடுவீங்க. நானும் சிரிச்சிட்டுப் போயிடுவேன். கிளாஸ்லதான் நான் முடிக்கிற வரைக்கும் மூஞ்சியைப் பார்த்துட்டே இருந்தீங்க. சரி, இப்பவாவது சொல்லிடலாம்னு சொன்னா..."

நிறுத்தினாள். நான் முடித்துவைக்கவில்லை.

"...ஸ்டார் குடுக்கிறீங்க!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்காமல் திட்டியிருக்கலாம்.

"அப்பா, என்னன்னு அனுப்ப?" என்றாள் மகள்.

மனைவியைப் பார்த்தேன். அவள் அடுத்த கால் மடிப்புக்குப் போய்விட்டிருந்தாள். "வரேன்னு அனுப்பு" என்றேன். நேராக நிற்கும்படி என் முழங்காலில் தட்டினாள்.

புறப்படுவதற்கு முன் சில மாலைகள் இருந்தன. அவளைக் கேட்க என்னிடம் கேள்விகள் சேர்ந்திருந்தன. ஆனால் வகுப்புதான் முடிந்துவிட்டதே, சாப்பாட்டு மேஜையில் தையல் மெஷின் ஏறிவிட்டது. தள்ளிப்போட்ட ஆல்டரேஷன் துணிகள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. எதிரில் போய் உட்கார்ந்து, "நீச்சல் ஆசை எப்ப வந்துச்சு உனக்கு?" என்று கேட்டேன்.

"இருங்க, இதை முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஒரு பேன்ட்டை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.