லிண்ட்சே கழற்றிய காந்தம்

பன்னிரண்டு வேகன்களை இழுத்துக்கொண்டு போன என் எஞ்சின் மூன்றாவது சுற்றிலேயே நின்றுவிட்டது. மோட்டார் கம்பிச் சுருளில் பூசிய வார்னிஷ் கருகும் வாடை ஹால் முழுக்கப் பரவியது. கோல்பர்ன் மாடல் ரயில் கிளப்பில் அந்த வாடைக்கு எல்லாத் தலைகளும் திரும்பும். திரும்பின.

கிளப் தலைவர் லிண்ட்சே கையிலிருந்த கடிகாரத்தை நிறுத்தினான். அக்டோபர் கண்காட்சியில் ரயில் ஓட்ட வேண்டுமென்றால் அவரவர் எஞ்சின் பாரத்தோடு அரை மணி நேரம் நிற்காமல் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் சமையலறை. நான் அந்தச் சமையலறையில் வருஷக்கணக்காக ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன்.

"கிழட்டு எஞ்சினை எதுக்கு அம்மணி வதைக்கறே? மோட்டார் செத்துப்போச்சு. கண்ணாடிப் பெட்டியில வச்சு அழகு பாரு. கண்காட்சி சனிக்கிழமை சாண்ட்விச் போட ஆள் பத்தல" என்றான் லிண்ட்சே.

"அடுத்த புதன்கிழமை மறுபடி ஓட்டறேன்."

"புது மோட்டார் போட்டுக்கிட்டு வா."

"இதே மோட்டார்தான் ஓடும்."

"அப்ப தீயணைப்பு வண்டிக்கும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிடு, கிளெண்டா" என்றான் கிளாரி. இருப்பவர்களிலேயே மூத்தவன் அவன்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். எங்கள் ஊரில் ஜனவரிதான் கோடை; அந்த வெயிலில் ரேடியேட்டர் கொதித்தால் பஸ்ஸைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது. ஏன் கொதிக்கிறது என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆத்திரத்தோடு எஞ்சினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டேன். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகள் நன்றாகவே இருந்தன. பல்சக்கரங்கள் விரலால் தள்ளினாலே சுழன்றன. எண்ணெயும் அளவோடுதான் இருந்தது. வெறும் எஞ்சினாக ஓட்டினால் தலைதெறிக்க ஓடியது. வேகன்களை மாட்டினால் முக்கி முனகிச் சூடானது. தெம்பில்லாத வேகம். இதில் என்னதான் கோளாறு என்று மண்டை காய்ந்தது.

அப்போது என் குட்டி ஸ்க்ரூடிரைவரை மோட்டாரின் பக்கவாட்டில் வைத்தேன். முன்பெல்லாம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டும். இப்போது நழுவி மேஜையில் விழுந்தது. மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தில் உயிரில்லை.

ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் கிளப்பில் "முழுக் குளியல்" என்று ஒரு சடங்கு உண்டு. எல்லோருடைய எஞ்சினையும் லிண்ட்சே வாங்கிக்கொண்டு போய்ச் சுத்தம் செய்து தருவான். அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அவனுக்கு போன் போட்டேன்.

"குளியல்ல என் மோட்டார் காந்தத்தை வெளிய எடுத்தியா?"

"எடுக்காம எப்படி? ஸ்பிரிட்ல ஊறப்போட்டுத் தேய்ச்சேன். பளபளன்னு இல்ல?"

"எடுத்ததும் அதுக்குக் குறுக்க இரும்பு ஏதாவது வச்சியா?"

"இரும்பு எதுக்கு?"

போனை வைத்துவிட்டேன். வேறு ஏதாவது பேசியிருந்தால் கெட்ட வார்த்தையாகத்தான் வந்திருக்கும். அந்தக் காலத்துக் காந்தத்தை மோட்டார் இரும்புக்கு நடுவிலிருந்து, குறுக்கே வேறு இரும்பு வைக்காமல் உருவினாலே பாதி பலம் போய்விடும். காந்தம் தளர்ந்தால் மோட்டார் மின்சாரத்தை மொடாக்குடியாகக் குடிக்கும், குடித்ததெல்லாம் சூடாகும். கொன்றது இவன், செத்துப்போச்சு என்று சொன்னதும் இவன்.

ஹார்ட்வேர் கடையில் இப்போது விற்கிற பலமான சின்னக் காந்தங்கள் சிலவற்றை வாங்கினேன். பழைய காந்தத்தின் அகலத்துக்கு அடுக்கி, அதன் இடத்தில் செருகினேன். எஞ்சின் பின்பக்கமாக ஓடியது. காந்தத்தின் முனைகள் இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். அடுக்கைத் திருப்பி வைத்தேன். முன்னால் போனது, நிதானமாக, தெம்பாக. பாத்திரம் கழுவும்போதும் ஓடவிட்டேன். தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

புதன்கிழமை பன்னிரண்டு வேகன்களோடு நிற்கவில்லை, இன்னும் நான்கைச் சேர்த்து மாட்டினேன். லிண்ட்சே கடிகாரத்தை அழுத்தினான். முதலில் கேலி பேசியவர்கள் கொஞ்ச நேரத்தில் எஞ்சினையே பார்த்தார்கள். வாடை வரவில்லை.

அரை மணிக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கையில் லிண்ட்சே என் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்ன பண்ணினே?" என்றான் மெதுவாக.

"காந்தத்தை மாத்தினேன். நீ உருவினதுல பழசு போயிடுச்சு."

அவன் முகம் சிவந்தது. "சரி, போதும். நீ பாஸ். இப்பவே உன் பேரை எழுதிடறேன். இந்தக் காந்த விஷயம் மட்டும் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும், என்ன?"

எத்தனை வருஷமாகக் கேட்டது, கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டால் போதும்.

"கிளாரி," என்று சத்தமாகக் கூப்பிட்டேன். "சூடாகுதுன்னு ஒரு டீசல் எஞ்சினை மூட்டைகட்டி வச்சியே, அதை லிண்ட்சே குளிப்பாட்டினானா?"

"வருஷா வருஷம்."

"அது வயசாகிக் கெடல. குளிச்சுத்தான் கெட்டுது. உங்க எல்லாரோட பழைய எஞ்சினும் அப்படித்தான். காந்தத்தை உருவி உருவிப் பலமெல்லாம் போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கிளாரி லிண்ட்சேயைப் பார்த்த பார்வையை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். என் எஞ்சின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அரை மணி முடிந்து கடிகாரம் அடித்தது. லிண்ட்சே அதை நிறுத்தவில்லை, என் பேரை எழுத சாக்பீஸையும் எடுக்கவில்லை.

நானே போய் எடுத்தேன். கண்காட்சியில் யார் எப்போது ஓட்டுவது என்று எழுதும் கரும்பலகை சுவரில் இருந்தது. சனிக்கிழமை காலை, கதவு திறந்ததும் கூட்டம் முண்டியடிக்கும் முதல் ஒரு மணி நேரம் எப்போதும் லிண்ட்சேயுடையது. அங்கே அவன் பெயர்தான் இருந்தது. அதை உள்ளங்கையால் அழித்துவிட்டு என் பெயரை எழுதினேன். யாரும் தடுக்கவில்லை, லிண்ட்சேயும்தான்.