கூரை மாமா

தகரக் கூரையின்மேல் குப்புறப் படுத்து, வாயில் டேப்பைக் கவ்விக்கொண்டு, அறுபத்து மூன்று வயதுக்கு அழகில்லாத ஒரு கோணத்தில் பாரெண்ட் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"கூரை மாமா! தண்ணி இன்னும் குளிருது!"

"வந்துட்டே இருக்கு, வந்துட்டே இருக்கு," என்றார், டேப்பைக் கவ்விய வாயோடு. சுடுதண்ணீரைத்தான் சொன்னார். முழங்காலுக்குக் கீழே குழாய் இன்னொரு இடத்தில் பீச்சியடித்து அவர் கால்சட்டையை நனைத்தது. அதுவும் வந்துகொண்டுதான் இருந்தது.

அந்தக் குழந்தைகளில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. எல்சபேயிடம் நீந்தக் கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து அவரைக் கூரையில்தான் பார்க்கிறார்கள். சனிக்கிழமை காலையில் கூரையில் ஓர் ஆள் இருப்பது எல்லா வீடுகளிலும் வழக்கம், புகைபோக்கி மாதிரி, என்றே அவர்கள் நினைத்திருக்கக்கூடும். இவர் எல்சபேயின் முன்னாள் கணவர், விவாகரத்தாகிப் பதினோரு வருடமாகிறது, ஊரின் மறுகோடியில் தனியாகக் குடியிருக்கிறார் என்பதெல்லாம் நான்கு வயதுக்காரர்களுக்குத் தேவையில்லாத சங்கதி.

கூரை முழுக்க அவருடைய கறுப்புக் குழாய்கள். பெரிய பெரிய ஜாங்கிரிகளாகச் சுற்றி, தென்னாப்பிரிக்காவில் வெயில் விழும் வடக்குப் பக்கத்துக்கு வாகாகப் படுக்கவைத்தவை. வீட்டுக் கொல்லையில் உள்ள நீச்சல் குளத்துத் தண்ணீரை மோட்டார் மேலே தள்ளும். அது சுருள்களுக்குள் சுற்றிச்சுற்றி வெயிலைக் குடித்துவிட்டு, சூடாகக் குளத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான் ஹீட்டர். குழாய்கள் சுரங்கத்திலிருந்து வந்தவை. அங்கே பணிமனையில் அவர் ஃபிட்டராக இருந்த காலத்தில், மேற்பார்வையாளரின் அனுமதியோடு, அதாவது மேற்பார்வையாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொண்டுவந்தவை.

இந்த வீட்டில் அவர் தொடங்கிய வேலைகளுக்குக் கணக்கில்லை. சமையலறை அலமாரிக்கு இன்றைக்கும் ஒரு பக்கம்தான் கதவு. விருந்தினர் அறையின் சுவரில் பச்சை நிறம் பாதிவரை போய், யோசனையில் ஆழ்ந்ததுபோல் நின்றுவிட்டது. கல்யாணத்தைப் பற்றியும் எல்சபே நீதிமன்றத்தில் ஏறக்குறைய இதையேதான் சொன்னாள். ஆனால் இந்த ஹீட்டரை அவர் முடித்தார். பிராக்பான் ஊரில் பாரெண்ட் தொடங்கி முடித்த ஒரே காரியம் கூரையில் கறுப்பாகக் கிடந்தது.

அது ஓடத் தொடங்கிய நாள் நடு ஜூலை, அங்கே நடுக்குளிர்காலம். புல்லெல்லாம் பனியில் வெளுத்திருந்தது. அக்கம்பக்கத்தார் கம்பளிச் சட்டையும் காபிக் கோப்பையுமாக வேடிக்கை பார்க்க வந்தார்கள்; உதவிக்கு அல்ல, சிரிப்பதற்கு. தண்ணீரிலிருந்து ஆவி எழும்பியதும் யாரும் சிரிக்கவில்லை. மகள் சுனெட்டுக்கு அப்போது ஆறு வயது. விரல்நுனிகள் கிழவியுடையதுபோலச் சுருங்கும்வரை அவள் வெளியே வர மறுத்தாள். அவளை இழுத்துவரப் போன எல்சபே, கரையில் ஒரு நொடி நின்று பாரெண்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கவுனும் காலுறையுமாக அப்படியே குதித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மேலே வந்தாள், கன்னத்தில் ஈரமுடி ஒட்டியிருக்க. அந்தக் குளிர்காலத்திலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். நீச்சல் பள்ளி அப்படித்தான் ஆரம்பித்தது. சுனெட் இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில் இருக்கிறாள். அங்கே குளத்தைச் சூடாக்க வேண்டியதில்லையாம், கடலே வீட்டு வாசலில் இருக்கிறதாம்.

"பாரெண்ட்! இறங்கி வா, பேசணும்," என்றாள் எல்சபே ஏணியின் அடியிலிருந்து.

இறங்கினார். அவள் நீச்சலுடைக்கு மேலே பழைய அங்கி ஒன்றைப் போர்த்தியிருந்தாள். கையில் இரண்டு காபி, தட்டில் காய்ந்த ரொட்டித் துண்டுகள். அவர் ஒன்றை எடுத்துக் காபியில் முக்கினார். காபியோடு வந்த பேச்சு என்றால் பெரிய பேச்சு.

"நேத்து ரெண்டு பிள்ளைங்களை நிறுத்திட்டாங்க. கடைவீதி பக்கம் ஒருத்தன் புதுசா கூரை போட்ட குளம் தொறந்திருக்கான், அங்க சேத்துட்டாங்க. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா மத்தவங்களும் போயிடுவாங்க. அப்புறம் நானும் நீயும் மட்டும் நீந்தலாம்."

"நான் வேணா வர்றேன்."

"உனக்கு நீச்சலே தெரியாது."

"கத்துக்குடுக்கறவ நீதானே."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதுபோலவும் தெரியவில்லை. "ரிப்பேரா, புதுசா? நீயே சொல்லு. நீ என்ன சொல்றியோ அதத்தான் செய்வேன். ஆனா நெஞ்சுல கைய வச்சுச் சொல்லு."

இந்தப் பெண் அவரை நம்பாத விஷயங்கள் ஏராளம். நேரத்துக்கு வருவேன் என்றால் நம்பமாட்டாள். நாளைக்கு முடித்துவிடுவேன் என்றால் அங்கியை உதறிக்கொண்டு எழுந்துபோவாள். கூரையைப் பற்றி அவர் சொன்னால் மட்டும் நம்புவாள். அதனால்தான் பாரெண்டுக்கு அந்தக் காபி சரியாக இறங்கவில்லை.

"இன்னொரு வாட்டி பாத்துட்டு வர்றேன்," என்று மறுபடி ஏறினார்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். வெயிலில் வெந்து வெந்து குழாய்கள் விறைத்துப்போயிருந்தன. நகத்தால் அழுத்தினால் பிளந்தது. டேப்பின்மேல் டேப், அதன்மேல் டேப். போன கோடையில் ஆலங்கட்டி மழை வேறு அடித்துத் தீர்த்திருந்தது. அவர் ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கத்தில் பீச்சியடிக்கும். அவருடைய முழங்கால்களும் இப்படித்தான், ஆனால் அவற்றைப் பற்றி யாரும் ரிப்பேரா புதுசா என்று கேட்பதில்லை. ஒழுகும் இடத்தில் அரிவாள்மூக்கன் பறவை ஒன்று வந்து நின்று, வெதுவெதுப்பில் கால் நனைத்தபடி அவரை முறைத்தது. ஹீட்டரால் இப்போது பயன் பெறும் ஒரே ஜீவன்.

ரிப்பேர் என்று சொல்லிவிடலாம். 'தலைக்குழாயை மட்டும் மாத்தினா போதும், ஒரு மாசம் குடு' என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. ஒரு மாசம் என்றால் நான்கு சனிக்கிழமை. அதற்குள் வேறெங்காவது பிளக்கும், மறுபடி நான்கு. புதிய மின்சார ஹீட்டரை மாட்டிவிட்டால் அது பொத்தானை அமுக்கினதும் தானே ஓடும். அதற்குக் கூரையில் ஆள் வேண்டாம். காபி கொடுக்கவேண்டிய ஆளும் வேண்டாம். சுரங்க மண்மேட்டிலிருந்து ஆகஸ்ட் மாதக் காற்று மஞ்சள் தூசியை வாரி வந்து அவர் கண்ணில் போட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ள நல்ல சாக்கு.

அவர் இரண்டாம் முறை இறங்கியபோது, முதலில் குரல் கொடுத்த செகோ துண்டைச் சுற்றிக்கொண்டு குளத்தின் படியில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பற்கள் தையல் மெஷின் மாதிரி ஓடின.

"ரொம்பக் குளிருதா கண்ணு?"

"இல்ல."

"இப்பத்தானே குளிருதுன்னு கத்தினே?"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அங்கே காருக்குள் அவள் அம்மா இருந்தாள். "அது உங்ககிட்ட. அம்மாகிட்ட சொல்லிராதீங்க மாமா. சொன்னா வேற குளத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. எனக்கு எல்சபே அத்தைதான் வேணும்."

"அதுக்காகப் பொய் சொல்லுவியா?"

"சின்னப் பொய்தான்," என்றாள் செகோ. பற்கள் ஓடுவது நிற்கவில்லை.

பாரெண்ட் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். அது அவளுக்குக் கணுக்கால்வரை வந்தது. பிறகு மோட்டார் அறைப் பக்கம் நின்றிருந்த எல்சபேயிடம் போய், வேகமாகச் சொல்லிவிடாவிட்டால் வாய் தானே வேறெதையாவது சொல்லிவிடும் என்ற பயத்தில், வேகமாகச் சொன்னார்.

"புதுசு போட்டுரு. இது போச்சு. போன வருஷமே போச்சு."

அவள் அங்கியின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். பிறகு, "வா," என்று கார் ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். மூலையில், கிறிஸ்துமஸுக்கு விரிக்கும் மேஜைத்துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெரிய பெட்டி இருந்தது. துணியைத் தூக்கினாள். புத்தம்புது மின்சார ஹீட்டர். பெட்டியின் ஒட்டுகூடப் பிரிக்கவில்லை.

"எப்ப வாங்கின?"

"லீவுல. தள்ளுபடில போட்டான்."

"அப்ப ஏன் மாட்டல? ஆள் கிடைக்கலயா?"

"ஆள் கிடைச்சான்." மேஜைத்துணியின் ஓரத்தை மடிப்பதுபோல் பாவனை செய்தாள். "உன் ஹீட்டரை நீ சொல்லாம எப்படி இறக்கறது? இந்த சனிக்கிழமை சொல்லுவான், அடுத்த சனிக்கிழமை சொல்லுவான்னு பாத்தேன். வகுப்பும் ஆரம்பிச்சிருச்சு, பிள்ளைங்க நடுங்குதுங்க. இன்னிக்கும் சொல்லலன்னா உன்னக் கேக்காமலே மாட்டியிருப்பேன், பாரெண்ட்."

அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், தர்ப்பூசணி வாங்குகிறவர்போல. "நான் வேணா மாட்டித் தரட்டா?"

"வேணாம் சாமி! இது முடியணும்."

இம்முறை இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு ஓய்ந்தது. வெளியே யாரோ ஒரு குழந்தை தண்ணீருக்குள் குமிழி விடும் சத்தம் கேட்டது.

"மேல இருக்கறத யாரு இறக்குவா?" என்றார் பாரெண்ட், கூரை இருக்கும் திசையைப் பாராமல்.

"ஏத்தினவன்தான் இறக்கணும்." நடந்துகொண்டே சொன்னாள். "மெதுவா இறக்கு. முழங்கால் சரியில்லாதவன். அத மட்டும் நீ முடிக்கலன்னாலும் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

மோட்டாரை நிறுத்திவிட்டு, சுவரோரம் இறங்கும் குழாயின் இணைப்பை அவர் கழற்றினார். ஒழுகியது போகச் சுருள்களில் அடைபட்டிருந்த தண்ணீர் ஒரு இருமலோடு வெளிவந்தது. முதலில் கைபொறுக்காத சூடு. பாரெண்ட் கையை உதறினார். பிறகு வெதுவெதுப்பு. கையை அதன்கீழேயே வைத்துக்கொண்டார். எல்சபே அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் குனிந்து, அதே தாரையில் தன் கையையும் நீட்டினாள். காலையெல்லாம் வெயில் குடித்த தண்ணீர் இரண்டு கைகள்மேலும் வழிந்து, காய்ந்த புல்லுக்குள் ஓடியது. இனி எந்த நொடியும் குளிர்ந்துவிடும் என்று பாரெண்ட் காத்திருந்தார். சுருள்கள் நிறைய. இன்னும் சூடாகத்தான் வந்துகொண்டிருந்தது.