இசக்கிமுத்து கல்லான வருடம்

அடையாற்று வெள்ளம் வடிந்த பிறகு, சைதாப்பேட்டை இசக்கிமுத்துவின் கால்கள் கல்லாகத் தொடங்கின. தி.நகரில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். வெள்ளத்தன்று வீட்டுக்குள், சரிந்த பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி, இடுப்புவரை வண்டலில் புதைந்து பகல் முழுக்க நின்றார். மீட்டபோது காயமில்லை. பொங்கலுக்குள் பாதங்கள் சாம்பல் நிறமாகிக் கனத்தன. ஆடித் தள்ளுபடி தொடங்கியபோது முழங்கால் மடங்கவில்லை. கடையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

மருத்துவர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு இது எங்கள் துறையில்லை என்றார்கள். அதனால் பக்கத்துத் தெருவிலிருந்து, கல்லூரியில் நிலவியல் நடத்தும் வஜீஹா வந்தாள். செத்த உயிரை வண்டல் சட்டென்று மூடினால் காற்றுபடாமல் அழுகல் தாமதமாகும், தாது கரைந்த நீர் எலும்புக்குள் ஊறிக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் இடத்தைப் பிடிக்கும், வடிவம் மட்டும் மிஞ்சும், அதுதான் புதைபடிவம் என்று விளக்கினாள். ஆயிரக்கணக்கான வருட வேலை இவரிடம் மாதங்களில் நடக்கிறது, உயிரோடு நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள். நிறுத்த வழியுண்டா என்று மனைவி தங்கம் கேட்டாள். இல்லை என்றாள் வஜீஹா. ஆனாலும் தங்கம் தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். தீபாவளிக்குக் கல் இடுப்பைத் தொட்டது.

ஒருநாள் இசக்கிமுத்து வஜீஹாவிடம் கேட்டார்: “பின்னால தோண்டி எடுக்கிறவன் என்னப் பத்தி என்னத்த தெரிஞ்சுக்குவான்?”

“நின்னே வேலை செஞ்ச ஆளுன்னு குதிகால் சொல்லும். என்ன சாப்பிட்டீங்கன்னு பல்லு சொல்லும். தொடையெலும்பு முறிஞ்சு கூடியிருக்குல்ல, அதுவரைக்கும் யாரோ சோறு போட்டுப் பாத்துக்கிட்டாங்கன்னும் தெரியும்.”

“யாருன்னு தெரியுமா?”

“அது தெரியாதுண்ணே.”

முன்பொருமுறை நந்தனத்தில் பஸ் இடித்து அவர் படுத்துக் கிடந்த மாதங்களில் ஊட்டிவிட்டவள் தங்கம். அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கல்லாவதற்கு முன் சதை ஈரக் களிமண்போல் இளகும். கல் நெஞ்சுக்கு ஏறிய வாரம், தங்கம் பக்கத்தில் உட்கார்ந்து வலது உள்ளங்கையை அவர் தோளில் அழுத்தி வைத்தாள்.

“கைய எடுட்டி, மரத்துப்போவும்.”

“நீங்க சும்மா இருங்க.”

இடது கையாலேயே சாப்பிட்டாள். கடைசியில் கையை எடுத்தபோது ஐந்து விரலும், தோசைக்கல் சுட்ட தழும்பு உட்பட, தோளில் பதிந்திருந்தன. அதற்குள் அவர் பேச்சு நின்றிருந்தது. இப்போதும் கூடத்தில்தான் இருக்கிறார். வெயில் காலத்தில் கல் சூடேறுகிறது. தங்கம் டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைக்கிறாள்.