இரண்டாகத் தெரிந்த கம்பி

காமிரா பழுதுபார்ப்பவர் பைனாகுலரின் நடுக்கீலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கடுகளவில் ஜே, பி என்று இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தன.

"அண்ணி, ஜப்பான் சரக்குன்னு அண்ணன் பீத்திக்கிட்டது நிஜம்தான். இது அங்கத்தப் பட்டறையோட அடையாளம்."

"போச்சுடா. முப்பது வருஷமா நம்பமாட்டேன்னு நின்னேன். இப்ப ஜெயிச்சுட்டாரா?"

கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவள் வந்தது ஜப்பான் சரக்கா என்று பார்ப்பதற்காக இல்லை. ஆறு வருடம் முன்பு அலமாரியைத் துடைக்கும்போது பைனாகுலரைக் கீழே போட்டுவிட்டு, சத்தமில்லாமல் உறைக்குள் வைத்து மூடியிருந்தாள். கொஞ்ச நாளில் அவர், அதில் பார்த்தால் தலை வலிக்கிறது என்றார். இரண்டு முறை மூக்குக்கண்ணாடியை மாற்றினார். பிறகு அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிப் பக்கமே போகவில்லை. அவருடைய ஒரே சந்தோஷத்தைக் கெடுத்தது தானா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பழுதுபார்ப்பவர் பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டினார். "கண் வைக்கிற பக்கம் வெளிச்ச வட்டம் முழுசா இருக்கு, ஓரம் வெட்டுப்படலை. உள்ள வெளிச்சத்தைத் திருப்புற பிரிசக் கண்ணாடி நல்ல ரகம்." பிறகு தெருவின் மின்கம்பியைப் பார்த்தார். "அடடா, ஒத்தைக் கம்பி ரெண்டாத் தெரியுதே!"

"நான்தான் தம்பி கீழ போட்டேன். அவர்கிட்ட சொல்லவே இல்லை."

அவர் பைனாகுலரின் மேல்தோல் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அது சுலபமாகக் கழன்று வந்தது. சிரித்துவிட்டார்.

"யாரோ ஏற்கெனவே பிரிச்சு, கவர் ஒட்டுற பசையில ஒட்டியிருக்காங்க. பிரிசத்தை நகர்த்துற திருகைப் பாருங்க, எலி கடிச்ச மாதிரி."

அவள் குனிந்து பார்த்தாள். "என் தையல் மெஷின் திருப்புளி! முனை உடைஞ்சு கிடந்துச்சே. தொடவே இல்லைன்னு ஒரு வாரம் சாதிச்சார் தம்பி!"

"விழுந்ததுல கொஞ்சம் நகர்ந்திருக்கும். அண்ணன் வைத்தியம் பார்த்ததுல மீதி."

"எது எவ்வளவு?"

"அதெல்லாம் பிரிச்சுச் சொல்ல முடியாது அண்ணி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. "ஒரே வீட்டுல ரெண்டு திருட்டு முழி. ஆறு வருஷம்!"

"நேராக்கட்டுமா? இல்ல, அவர் கை பட்டதுன்னு அப்படியே வச்சுக்கிறீங்களா?"

"கை பட்ட லட்சணம்தான் தெரியுதே. நேராக்குங்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."