ரேகை விழாத கைநாட்டு

விடிய இன்னும் அரைமணி இருக்கும்போதே காஸ்டிக் சோடாத் தொட்டி புகையத் தொடங்கிவிடும். முத்தியால்பேட்டையின் கடைசித் தெருவில் இருக்கிற எங்கள் பாட்டில் கொட்டகைக்கு அந்தப் புகைதான் சங்கு. ஊர் குடித்துப்போட்ட பாட்டில்கள் சாக்கு சாக்காக வந்து இறங்கும். தொட்டியில் ஊறவைத்து, லேபிளைப் பிளேடால் சுரண்டி, சுற்றுகிற பிரஷ்ஷில் செருகிக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடுக்க வேண்டும். நாங்கள் பதினோரு பெண்கள். காஸ்டிக் தண்ணீர் முதலில் வழவழவென்று இருக்கும், பிறகு எரியும், பத்து வருஷம் போனால் எரிவதுகூடத் தெரியாது. கொதிக்கிற குழம்புச் சட்டியைத் துணி இல்லாமல் இறக்குகிற கை என்னுடையது.

என் பெயர் கமலவேணி. எட்டாவது படித்தவள். கொட்டகையில் எனக்கு வைத்த பெயர் ரேடியோ. பிரஷ் ஓடத் தொடங்கினால் நானும் தொடங்கிவிடுவேன். பாண்டிச்சேரியைப் புதுச்சேரி என்று போன வருஷம் மாற்றினார்களே, எங்கள் தெருச் சாக்கடையை மாற்றினார்களா? கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருக்களைத் தினம் கூட்டுகிறார்கள், எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி அமாவாசைக்கு ஒருமுறை வருகிறது. மந்திரி பிறந்தநாள் பேனரில் தலை இடிக்காமல் நடக்க முடியவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தபோது கும்பிட்டவனுக்கு, ஜெயித்த பிறகு கையே இல்லை. பஸ் நிறுத்தத்தில் பஸ் நிற்பதில்லை, மாடுதான் நிற்கிறது. இப்படிக் கொசு, பவர்கட், தெருநாய் என்று எதையும் விடமாட்டேன். எல்லோரும் சிரிப்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

வருஷத்துக்கு ஒரு சோடி என்று தந்து, ஒரே வாரத்தில் ஓட்டை விழுந்துவிடும் ரப்பர் கையுறைகளையும் மூன்று மாதத்துக்கு முன்னால் முதலாளி அன்பழகன் நிறுத்தினார். கையுறை போட்டால் வேலை மந்தமாகிறதாம். அதற்கும் கத்தினேன். அன்று காலையில்தான் கொசுவுக்கும் கத்தியிருந்தேன். இரண்டும் ஒரே சிரிப்பில் போயின.

புதன்கிழமை வீராயி அக்காவின் கையில் ஒரு பாட்டில் பிரஷ்ஷோடு சுற்றி வெடித்தது. வலது உள்ளங்கை கிழிந்து நரம்பு அறுந்துவிட்டது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஆபரேஷன் செய்தால் மடங்கலாம், ஆனால் மூன்று மாதம் கையில் தண்ணீர் படக் கூடாது என்றார் டாக்டர். அந்த மூன்று மாதமும் அக்கா வீட்டில் உலை வைக்கக் காசு வேண்டும். வேலையில் பட்ட அடி என்று எழுதினால் முதலாளி பொறுப்பு. அவள் செய்த தவறு என்று எழுதினால் அவளுக்குத் தெருதான்.

ஒன்பது மணிக்கு முன்னால் கொட்டகையில் காலே வைக்காத முதலாளி, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே வந்துவிட்டார். கையில் டைப் அடித்த ஒரு தாளும் மைப்பெட்டியும். வீராயி அக்காவையும் வரச்சொல்லியிருந்தார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் ஓரம் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். பிரஷ்ஷை நிறுத்தினார்கள்.

"ஒண்ணுமில்லம்மா. ஆசுபத்திரிலேர்ந்து லேபர் ஆபீஸுக்குச் சொல்லிட்டாங்களாம். திங்கக்கெழம பாக்க வர்றாங்க. சும்மா ஒரு பேப்பரு. ஆளுக்கொரு கைநாட்டு வச்சுட்டு வேலயப் பாருங்க."

"என்னா எழுதியிருக்குது மொதலாளி?" என்றேன்.

"நீதான் எட்டாவதாச்சே. நீயே படி."

உரக்கப் படித்தேன். 'எங்கள் அனைவருக்கும் கையுறைகள் வழங்கப்பட்டு வருகின்றன. வீராயி என்பவர் அதைத் தானாகவே கழற்றி வைத்துவிட்டு வேலை செய்ததால்...' அதற்குமேல் எனக்குப் படிக்க வரவில்லை.

"கேவுருல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்க போச்சு மொதலாளி? எங்க இருக்குது கிளவுஸு? ஒரே ஒரு சோடி காட்டுங்க."

அவர் கோபப்படவே இல்லை. "நீ எதுக்குத்தான் கத்தல கமலவேணி? மந்திரிக்கும் கத்துற, மாட்டுக்கும் கத்துற. இன்னிக்கு என் மொறை" என்றார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்களில் ஒருத்திதான். அந்தச் சிரிப்பைப் பழக்கிவிட்டவள் நான்தானே.

"கொளஞ்சி, நீ வாம்மா."

கொளஞ்சிக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் போன இடம் தெரியாது. வீராயி அக்கா பக்கம் திரும்பாமல் போய்க் கட்டைவிரலை மையில் தொட்டுத் தாளில் வைத்தாள். மை அப்பலாக விழுந்தது. ரேகை ஒன்றுகூட இல்லை.

"தொடச்சுட்டு ஒழுங்கா வையி."

மறுபடி வைத்தாள். மறுபடியும் அப்பல். இடது கையையும் வைக்கச் சொன்னார். அதுவும் அப்படியே விழுந்தது.

"கையில என்னத்தப் பூசிக்கினு வந்த?"

"அவ ஒண்ணும் பூசல மொதலாளி." பேசியது ஜஹபர் நிஷா. ஆறு வருஷமாக எனக்குப் பக்கத்துப் பிரஷ்ஷில் நிற்பவள். அவள் ஒரு நாளில் பேசும் வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். "எனக்கும் வுழாது. எங்க அத்தா வூட்டுப் பத்திரத்துக்கு மூணு வாட்டி வச்சேன். ஒனக்கு எதாச்சும் சீக்கான்னு கேட்டாங்க. சீக்குதான்னு நெனச்சுக்கினு யாருகிட்டயும் சொல்லல."

கொளஞ்சி திரும்பினாள். "ஒனக்குமா?"

"எனக்குந்தான்" என்றாள் தொட்டியடியில் நின்ற தனக்கொடி. "எனக்கு ரேஷன் ஆபீஸ்ல." அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் வந்த நோய் என்று மூடி வைத்திருந்தாள். நான் கையெழுத்துப் போடுகிறவள், எனக்குத் தெரிய வழியே இல்லை. அப்போதுதான் என் கட்டைவிரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கழுவிய பாட்டில் மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஊர்க் குறை அத்தனையும் பேசியவள், என் விரலை ஒரு நாளும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"கிளவுஸு குடுத்திருந்தா இந்தக் கோடெல்லாம் எங்க போயிருக்கும் மொதலாளி?" என்று நிஷா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி தாளை எடுக்கக் கை நீட்டினார். கொளஞ்சியின் உள்ளங்கை அதன்மேல் அழுந்தி இருந்தது.

"நான் வச்ச கைநாட்டு. எங்கிட்டயே இருக்கட்டும். லேபர் ஆபீஸ்ல நாங்களே காட்டிக்கிறோம்."

"கேட்டத் தாண்டுற எவளும் திரும்ப உள்ள வர வேணாம்" என்றார் முதலாளி. இப்போது அவர் குரல்தான் ஏறியிருந்தது. "புது ஆள் எடுக்க எனக்கு ஒரு நாள் போதும்."

"எடுங்க" என்றாள் வீராயி அக்கா, ஸ்டூலில் இருந்தபடியே. "அவளுங்க வெரலும் இப்பிடித்தான் ஆவும். அப்பவும் ஒங்களுக்குக் கைநாட்டு வுழாது."

அந்தத் தாளையே திருப்பிப் போட்டு, அதன் முதுகில் எழுதினேன். கையுறை தரவில்லை. வீராயிக்கு அடி பட்டது வேலையில். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள எங்கள் ரேகைகளைப் பார்க்கவும். அவ்வளவுதான். வாழ்க்கையில் நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. முதலாளியின் மைப்பெட்டியில்தான் தொட்டோம். வீராயி அக்கா இடது கையால் வைத்தாள். கையெழுத்துப் போடத் தெரிந்த நானும் கட்டைவிரலையே வைத்தேன். பதினோரு கறுப்பு அப்பல்கள்.

தாளோடு பதினோரு பேரும் கேட்டைத் தாண்டினோம். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கொளஞ்சி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வீராயி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

லேபர் ஆபீஸைப் பத்து மணிக்குத் திறக்க வேண்டும், பத்தே முக்காலுக்குத் திறந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"என்னா கூட்டம்? யாராச்சும் ஒருத்தர் பேசுங்கம்மா" என்றார் குமாஸ்தா.

பழக்கத்தில் பத்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிஷாவைப் பார்த்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

"மொதல்ல எங்க கையப் பாருங்க சார்."

அவருடைய மேசைக்குமேல் ஒவ்வொரு கையாக நீண்டது. கடைசியாகக் கட்டுப்போட்ட கை. மனுவை வாங்குவாரா, திங்கட்கிழமை கொட்டகை எங்களுக்குத் திறக்குமா, அக்காவின் விரல்கள் மடங்குமா, ஒன்றும் தெரியாது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் கைமேல் குனிந்தார். நிஷா பேசிக்கொண்டிருந்தாள். ரேடியோ வாயைத் திறக்கவே இல்லை.